அஞ்சியவனைக் கண்டவள்: பெர்க்மனின் ‘ஓநாய் வேளை’

இங்மார் பெர்க்மன் இயக்கி 1968இல் வெளிவந்த சுவீடியத் திரைப்படம் ‘ஓநாய் வேளை’. படைப்பு வேட்கையால் மனம் சிதையும் ஓவியன் ஒருவனின் கதை என்றே இது பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. இவ்வறிமுகம் பிழையன்று, ஆயினும் படத்தின் மையத்தை அது தவறவிடுகிறது. ஓவியன் யோஹான் போர்க் காணாமற்போன பின்னர், கருவுற்றிருக்கும் அவன் மனைவி ஆல்மா ஒளிப்படக்கருவியை நேர்நோக்கிப் பேசுவதில் படம் தொடங்குகிறது. அவள் பேச்சிலேயே முடிகிறது. இடையில் காணப்படுவன யாவும் அவள் நினைவிலிருந்தும் அவன் விட்டுச்சென்ற நாட்குறிப்பிலிருந்தும் வருவன. ஆகவே இப்படத்தை அஞ்சியவனின் கதை என்பதினும் அஞ்சியவனைக் கண்டவளின் கதை என்பதே பொருந்தும்.

காண்போர்க்கு அச்சம் எவ்வாறு பிறக்கிறது என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதியதன்று. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அச்சத்தின் நிலைக்களன்களைத் தொல்காப்பியம் நான்காக வகுக்கிறது. மெய்ப்பாட்டியல் உரையில் பேராசிரியர் நுட்பமான ஒன்றைக் குறிக்கிறார்: அஞ்சினான் ஒருவனைக் காண்போர்க்கு நகையோ இரக்கமோ தோன்றுமேயன்றி, அச்சம் தோன்றாது. அஞ்சுதற்குரிய பொருள் அவர்கள் முன் இல்லை என்பதே காரணம்.

பெர்க்மனின் படத்தில் இம்மூன்றற்கும் இடமுண்டு. தீவிலுள்ள மாளிகையின் பிரபுவும் அவர் சுற்றத்தாரும் யோஹானைக் கண்டு நகைப்போர். முன்னாள் காதலி வெரோனிக்காவை அவன் அடையும் தருணத்தை அவர்கள் ஒரு கூத்தாக்கிச் சிரிக்கும் காட்சி, இரத்தம் சிந்தும் எக்காட்சியினும் கொடியது. ஆல்மாவோ இரக்கத்தில் தொடங்குகிறாள். தன்னை அச்சுறுத்தும் உருவங்களை யோஹான் வரைந்துகாட்டும்போது, ஓவியங்களைப் பார்வையாளர் காண்பதில்லை. விளக்கொளியில் ஆல்மாவின் முகமே தெரிகிறது. அதன்பின் ஒருநாள், பட்டப்பகலில், யோஹான் அருகில் இல்லாதபோது, முதியவள் ஒருத்தி வந்து அவளிடம் பேசுகிறாள். நாட்குறிப்பைப் படிக்கத் தூண்டுகிறாள். கணவனின் அணங்கு மனைவியின் கண்ணுக்குப் புலனாகிவிட்டது. இரக்கம் அச்சமாக மாறுவது இங்கேதான். பேராசிரியர் கூற்றை இப்படம் மறுப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. அஞ்சத்தக்க பொருளே இடம்பெயர்ந்து அவளையும் அடைந்துவிட்டதாகக் கொள்வதே தகும்.

கலைஞனின் பித்தே அவன் கலைக்கு ஊற்று என்னும் பழங்கருத்துக்கு இப்படத்தைச் சான்றாக்குவோர் உளர். படத்தில் அதற்கு ஆதாரம் அரிது. யோஹான் உறங்க இயலாது விடியுமட்டும் விழித்திருக்கிறான். ஒரு நிமிடம் எவ்வளவு நீண்டது என்பதைக் கடிகாரம் பார்த்து அளக்கிறான். பித்து அவனுக்கு அளித்தது துயிலின்மையேயன்றி ஓவியமன்று. மாளிகை விருந்தில் தன் படைப்பைப் பற்றிப் பேசும்போதும், தன்னை உந்தும் கட்டாயத்தைத் தவிர அதில் தெளிவானது ஏதுமில்லை என்ற பொருள்படவே உரைக்கிறான். கலைஞனின் தற்புகழ்ச்சி இதில் இல்லை. ஆனால் கட்டாயம் என்று தனக்கு விலக்கு அளித்துக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. அவ்வசதிக்கான விலையைக் கொடுப்பவள் வேறொருத்தி.

அவ்விலையைப் பெர்க்மன் வீட்டுக் கணக்கில் காட்டுகிறார். ஆல்மா செலவுகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்கிறாள். யோஹானின் கவனம் அதில் இல்லை. மாளிகைக் காட்சிகளின் திகில் மிகுதியும் ஹாப்மனின் கதையுலகிலிருந்து பெறப்பட்டது. லிண்ட்ஹோர்ஸ்ட், கிரைஸ்லர் என்னும் பாத்திரப் பெயர்களே அதனைக் காட்டும். சில இடங்களில் அது அலங்காரமாகவும் நின்றுவிடுகிறது. இக்கணக்குக் காட்சிக்கோ எந்தக் கடனும் இல்லை. லிவ் உல்மனின் அடங்கிய குரலில், இல்லறம் ஒன்று தன்னைத் தாங்கிக்கொள்ள முயல்வது கேட்கிறது.

இப்படத்தின்மீது நியாயமான குறையொன்றும் கூறலாம். ஆல்மாவுக்கெனத் தனி விருப்பமோ தொழிலோ கடந்தகாலமோ படத்தில் இல்லை; பொறுத்தலும் பார்த்தலுமே அவள் இயல்பாக வரையப்பட்டுள்ளன. கணவன் துப்பாக்கியால் சுட்ட பின்னும் அவனைத் தேடிக் காட்டுக்குள் செல்பவளாக அவளைப் படைத்ததில், கலைஞனுக்காகத் தேயும் மனைவி என்னும் பழைய படிமம் எஞ்சியிருக்கிறது. ஆயினும் இறுதிக் காட்சியில் அப்படிமம் அசைகிறது. நெடுங்காலம் ஒருவனுடன் வாழ்ந்தவள் அவனைப்போலவே ஆகிவிடுவாளா, தான் அவ்வுருவங்களைக் கண்டது அதனாலா, குறைவாக நேசித்திருந்தால் அவனைக் காத்திருக்க முடிந்திருக்குமா என்று அவள் வினவுகிறாள். எதற்கும் விடை வரவில்லை. வாக்கியம் முடியுமுன்னரே படம் நின்றுவிடுகிறது.