காயும் வண்ணமும் கனியும் முகமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர். ஓவியத்திலும் அப்படித்தான். மலையை வரைபவன் ஒரு மேட்டைக் கூட்டிக் குறைத்தாலும் கேட்பாரில்லை. முகத்தை வரைபவன் தப்ப முடியாது. ஒளி இங்கே முடிந்தது, நிழல் இங்கே தொடங்கியது என்று காட்டும் கோடு எதுவும் மனிதனின் கன்னத்தில் இல்லை. ஒன்று மற்றொன்றில் கரைகிறது. அந்தக் கரைவைத் தூரிகையில் கொண்டுவருவதே முக ஓவியத்தின் உயிர்.

இதற்கு எண்ணெய் வண்ணமே ஏற்றது, அக்ரிலிக் உதவாது என்பது பலரின் கருத்து. போட்டியொன்றில் நடுவர் ஒருவர் என் படத்தைப் பார்த்து, "அக்ரிலிக்கில் முகம் வராது தம்பி, முகமூடிதான் வரும்" என்றார். அக்கருத்தை நான் மறுக்கிறேன். வேதியியல் மாணவன் என்ற முறையில் காரணம் கூறியே மறுக்கிறேன்.

எண்ணெய் வண்ணம் ஏன் எளிதில் குழைகிறது? அதில் நிறமியைப் பிணைப்பது பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய். அது நீர்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, மெல்ல இறுகுகிறது. இதற்குப் பல நாட்கள் ஆகும். அதுவரை ஈரத்தின்மேல் ஈரம் இடலாம். உலர்ந்த மென்தூரிகையால் எல்லையை வருடிக் கலைக்கலாம். லியனார்டோ டாவின்சி 1503 வாக்கில் தொடங்கிய மோனா லிசாவின் இதழோரம் கோடின்றிக் கரைவதும், கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா (1848-1906) தீட்டிய பெண்களின் மேனி மினுங்குவதும் எண்ணெயின் கொடையே.

அக்ரிலிக்கின் இயல்பு வேறு. நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் துகள்களே அதன் பிணைப்பு. நீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி ஒட்டி ஒரே படலமாகின்றன. மெல்லிய பூச்சு சில நிமிடங்களில் காய்ந்துவிடும். பிறகு நீரில் கரையாது. போதாக்குறைக்கு, ஈரத்தில் பால்போல் வெளுத்திருந்த பிணைப்பு காய்ந்ததும் தெளிவதால் நிறமும் சற்றுக் கருக்கும். இதை எண்ணெய்போல் தேய்த்துக் குழைத்தால் கிடைப்பது திட்டுத் திட்டான கன்னமே. கம்பை விதைத்துவிட்டு நெல்லறுக்கப் போனால் குற்றம் யாருடையது?

அக்ரிலிக்குக்கு உரிய வழிகள் மூன்று. முதலாவது, ஒளியிலிருந்து நிழல்வரை ஐந்தாறு படிநிலைகளை முன்கூட்டியே கலந்து வைத்து அடுத்தடுத்து இடுவது. ஈரத்துணிமேல் தாள் விரித்து அதில் கலந்தால் வண்ணம் விரைவில் காயாது. இரண்டாவது, மீடியம் சேர்த்துக் கண்ணாடிபோல் மெல்லியதாக்கி, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பலமுறை பூசுவது. எண்ணெயில் இவ்வேலைக்கு அடுக்குக்கு அடுக்கு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அக்ரிலிக்கில் ஒரே மாலை போதும். மூன்றாவது, நுண்கோடுகளை நெருக்கி இழைப்பது. இது புதிதன்று. எண்ணெய் பரவுமுன் இத்தாலிய ஓவியர்கள் முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த டெம்பராவில் இப்படித்தான் முகம் தீட்டினர். டெம்பராவும் நொடியில் காய்வதே!

டேவிட் ஹாக்னி 1970-71இல் தீட்டிய 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் கிளார்க் அண்ட் பெர்சி' அக்ரிலிக் ஓவியம்தான். அது இங்கிலாந்தின் டேட் கலைக்கூடத் தொகுப்பில் இருக்கிறது. அதை முகமூடி என்று யார் சொல்வார்?

நேற்றிட்ட கன்னத்தை இன்றும் குழைக்கும் வசதி எண்ணெய்க்கே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவ்வசதிக்குத் தனியறை வேண்டும், படம் காய இடம் வேண்டும், டர்பன்டைன் நெடியைப் பொறுக்கும் வீடு வேண்டும். எங்கள் வீடு ஓரறை. சமையலும், தம்பி தங்கையரின் படிப்பும், உறக்கமும் அதிலேதான். இரவில் பாய் விரிக்குமுன் என் படம் பரணேற வேண்டும். ஈர எண்ணெய்ப் படத்தை எந்தப் பரணில் வைப்பது? ஒரு புகைப்படம்கூட எடுத்துக்கொள்ளாமல் வயலில் உழைத்தே மறைந்த எங்கள் தாத்தாவின் முகத்தைப் பாட்டி சொல்லச் சொல்லத் தீட்டினேன். "காது இன்னுங் கொஞ்சம் பெருசுடா" என்பார் பாட்டி. காய்ந்த பூச்சின்மேல் அப்போதே மாற்றினேன். அவர் தலையசைக்கும்வரை மாற்றினேன். விரைந்து காய்வது குறையன்று, வரம் என்று அன்று அறிந்தேன்.

மன்னர்களும் திவான்களும் எண்ணெய் ஓவியங்களில் வாழ்கிறார்கள். நம்மைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வெயிலில் நிற்பவர்களின் முகங்களைத் தீட்டப்போவது யார்? நம் நுண்கலை மன்றம் விடுமுறை நாட்களில் அக்ரிலிக் முக ஓவியப் பயிற்சி நடத்தட்டும். ஆளுக்கொரு முகம் தீட்டி ஆண்டு விழாவில் வைப்போம். வண்ணம் விரைந்து காயட்டும். அந்த முகங்கள் நம் நினைவில் என்றும் காயாதிருக்கட்டும்!