இரண்டு வரி உண்மை



நம் பங்கு அலுவலகத்து அலமாரியில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பதிவு மட்டுமே உண்டு. பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப் பெற்றோர், சடங்கை நிறைவேற்றிய குரு, அவ்வளவுதான். நிலக்கிழார் வீட்டுப் பிள்ளைக்கும் கூலியாள் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவு இடம். புகழ்ச்சி இல்லை, இகழ்ச்சியும் இல்லை. எழுதிய குருவின் முகத்தை இன்று அறிந்தவர் எவருமில்லை. ஆயினும் திருமணச் சான்றுக்காகப் பேரன் ஒருவன் வந்து நிற்கையில், அவர் பொறுமையோடு எழுதிய அந்தப் பதிவே அவனுக்குக் கைகொடுக்கிறது.

கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் ஒரு மாலைத் திருப்பலிக்குப்பின் என்னிடம் வந்தபோது, இப்பதிவேடுதான் என் நினைவுக்கு வந்தது. இணைய அடைவு ஒன்றில் தன்னார்வத் தொகுப்பாசிரியராகச் சேர அவர் விண்ணப்பித்திருந்தார், விண்ணப்பம் தள்ளப்பட்டுவிட்டது. “கூலியில்லாமல் உழைக்க வருகிறவனையும் வேண்டாம் என்கிறார்களே, சுவாமி!” என்பது அவருடைய மனத்தாங்கல்.

இணைய அடைவு என்பது யாது? நாம் சொல்லைக் கொடுத்தவுடன் இயந்திரம் தேடித் தருகிறதே, அது தேடுபொறி. அடைவோ மனிதர் கையால் அமைந்தது. நூலகத்தில் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதுபோல, இணையதளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, உரிய பிரிவில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பும் இரண்டொரு வரி விவரமும் எழுதி வைப்பது.

இவ்வகையில் மிகப் பெரியதாக விளங்கியது ‘டிமாஸ்’ என வழங்கிய திறந்த அடைவுத் திட்டம். 1998ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரிச் ஸ்க்ரென்டா, பாப் ட்ரூவெல் என்னும் இருவர் அமெரிக்காவில் இதனைத் தொடங்கினர். அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த யாகூ அடைவைச் சம்பளம் பெறும் ஊழியர் சிலரே தொகுத்து வந்தனர்; பெருகிவரும் தளங்களுக்கு அவர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. எனவே, “ஆளுக்கொரு சிறு மூலையை விரும்பி ஏற்றுப் பேணினால் என்ன?” என்னும் எண்ணம் பிறந்தது. அவ்வாண்டே நெட்ஸ்கேப் நிறுவனம் இதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் இது ஏ.ஓ.எல். நிறுவனத்தின் கைக்குச் சென்றது. நாளடைவில் 38 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிவுகளில் இடம்பெற்றன. தொடக்கமுதல் இறுதிவரை இதில் கைகொடுத்த தொகுப்பாசிரியர்கள் 90 ஆயிரத்துக்கும் அதிகமானோர். தளத்தைச் சேர்ப்பதற்குக் கட்டணமும் இல்லை, சேர்ப்பவருக்குச் சம்பளமும் இல்லை.

இனி நம் இளைஞரிடம் திரும்புவோம். அவர் எழுதிய விண்ணப்பத்தைக் காட்டச் சொன்னேன். கிறிஸ்தவம் என்னும் பெரும் பிரிவு முழுவதையும் தமக்குத் தருமாறு கேட்டிருந்தார். மாதிரியாக மூன்று தளங்களைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அவற்றுள் ஒன்று அவருடைய நண்பர் நடத்தும் தளம். அத்தொடர்பை அவர் தெரிவிக்கவில்லை. மூன்றையும் பற்றி, ‘ஈடு இணையற்றது’, ‘அனைவரும் கண்டு பயனடைய வேண்டியது’ என்று எழுதியிருந்தார்.

இருவரும் அமர்ந்து அந்த அடைவின் நெறிமுறைகளைப் படித்தோம். படிக்கப் படிக்க எனக்கு வியப்பு மேலிட்டது. கணினியைப் பற்றிய நுட்பங்கள் அங்கே குறைவு. மனச்சான்றைப் பற்றிய பாடங்களே மிகுதி.

முதலாவது, சிறியதைக் கேள். புதிதாய் வருகிறவர் சில தளங்களே உள்ள ஒரு சிறு பிரிவைத் தேர்ந்துகொள்ள வேண்டும்; ஓர் ஊர், ஒரு கைத்தொழில், ஒரு பறவையினம் என்றவாறு தாம் நன்கறிந்த பொருளாக அது இருத்தல் நலம். அதனைச் செவ்வையாகப் பேணியபிறகே அடுத்ததைக் கேட்கலாம். சிறியவற்றில் நம்பிக்கைக்குரியவனாய் இருந்த ஊழியனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமை உங்களுக்கு நினைவுக்கு வரும்.

இரண்டாவது, உன் தொடர்பை மறைக்காதே. தமக்கோ தம் உறவினருக்கோ உரிய தளங்கள் எவையென முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொந்தத் தளத்தைச் சேர்ப்பது தவறன்று. அதற்கு ஒரு நீதியும் அயலாருடைய தளத்துக்கு வேறு நீதியும் வழங்குவதே தவறு.

மூன்றாவது, விளம்பரம் எழுதாதே. ‘நகரின் தலைசிறந்த உணவகம், ஒருமுறை வாருங்கள்!’ என்று எழுதினால் அது தள்ளப்படும். ‘உணவு வகைகள், விலை, முகவரி, திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைத் தருகிறது’ என்பதே சரியான விவரம். தளத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும். நம் மனத்தில் இருப்பதை அன்று. தலைப்பாக அத்தளத்தின் உண்மையான பெயரையே இட வேண்டும், எழுத்துப்பிழையும் கூடாது.

நான்காவது, பயனற்றதைச் சேர்க்காதே, பழுதானதை விட்டுவைக்காதே. பிற தளங்களின் நகலாக உள்ளவற்றையும் இன்னும் கட்டிமுடியாதவற்றையும் சேர்ப்பதில்லை. செயலற்றுப்போன இணைப்புகளை அவ்வப்போது பார்த்து நீக்க வேண்டும். டிமாஸில் இத்தகைய இணைப்புகளைச் சுட்டிக்காட்ட ‘ரோபோசில்லா’ என்றொரு நிரல் இருந்தது; ஆனால் ஆராய்ந்து முடிவெடுத்தவர் மனிதரே. நான்கு மாதம் கைவைக்காதிருந்தால் அங்குத் தொகுப்பாசிரியர் கணக்கு செயலிழக்கும். ஒவ்வொரு மாற்றமும் செய்தவர் பெயரோடு பதிவாயிற்று.

இளைஞர் மீண்டும் விண்ணப்பித்தார். இம்முறை, தாம் பிறந்து வளர்ந்த வட்டாரத்துக்குரிய சிறு பிரிவு ஒன்றைக் கேட்டார். நண்பரின் தளம் இன்னதென்று தாமே குறிப்பிட்டார். ஏற்றுக்கொள்ளப்பட்டது. சில மாதங்கள் மகிழ்ச்சியாய்ச் சென்றன.

ஆனால் உண்மையான சோதனை அதன்பின்னரே வந்தது. ஒருநாள் வாடிய முகத்தோடு வந்து நின்றார். அவருடைய பிரிவில் சேர்க்கும்படி ஒரு தளம் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. அவ்வட்டாரத்தின் வரலாற்றை விரிவாகத் தருவது. பழைய நிழற்படங்களும் ஊர்ப்பெயர் விளக்கங்களும் அதில் நிறைய இருந்தன. கூடவே, நம் திருச்சபையைக் கடுமையாய்ச் சாடும் கட்டுரைகளும் இருந்தன.

“இதை நான் நீக்கிவிட்டால் கேட்பார் யாருமில்லை, சுவாமி. நம் விசுவாசத்தை இகழ்கிறவனுக்கு நானே வழிகாட்ட வேண்டுமா?” என்றார்.

கேள்வி எளியதன்று. நான் உடனே விடை கூறவில்லை. “தம்பி, அந்தத் தளத்தில் வரலாறு இருப்பது உண்மையா?” என்று கேட்டேன். “உண்மைதான்” என்றார். “சாடல் இருப்பதும் உண்மைதானே?” “ஆம்.” “அப்படியானால் இரண்டையும் எழுது. அந்தப் பணியை நீ ஏற்றுக்கொண்டபோது, கத்தோலிக்கருக்கு மட்டும் வழிகாட்டுவேன் என்று சொல்லி ஏற்கவில்லையே” என்றேன்.

அன்பர்களே, பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளை, நமக்கு வேண்டியவர்களைக் குறித்து மட்டும் தரப்பட்டதன்று. இருப்பதை இல்லையென மறைப்பதும் பொய்ச்சான்றின் ஒரு சாயலே. நம்மை எதிர்ப்பவரைப் பற்றியும் இரண்டு வரி நேர்மையாக எழுதக்கூடியவன் நம்மைப் பற்றி எழுதும்போது, உலகம் அவனை நம்பும். தன்னவரைப் புகழ்ந்தும் மாற்றாரை மறைத்தும் எழுதுகிறவனுடைய உண்மையையும் எவரும் நம்பார். பங்குப் பதிவேட்டில் வேண்டியவருக்கு ஒரு வரி கூட்டியும் வேண்டாதவருக்கு ஒரு வரி குறைத்தும் நான் எழுதினால், அந்த ஏடே மதிப்பிழந்துவிடாதா?

அவர் எழுதினார்: ‘வட்டாரத்தின் வரலாறு, நிழற்படங்கள், ஊர்ப்பெயர் ஆய்வு, சமய நிறுவனங்கள் பற்றிய விமர்சனக் கட்டுரைகளும் உள்ளன.’ அதில் கோபமும் இல்லை, பொய்யும் இல்லை. எத்தனை மறையுரைகளாலும் நான் கற்பிக்க இயலாத பாடத்தை அவர் அன்று கற்றுக்கொண்டார்.

ஒரு கேள்வி எஞ்சுகிறது. டிமாஸ் அடைவு 2017ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் மூடப்பட்டது. தேடுபொறிகள் பெருகிய காலத்தில், மக்கள் அடைவுகளை நாடுவது குறைந்துபோயிற்று. அப்படியாயின் ஆயிரமாயிரம் பேர் விழித்திருந்து செய்த உழைப்பு வீண்தானா? வீணன்று. அவர்கள் தொகுத்ததை எவரும் எடுத்தாளலாம் என விட்டிருந்தமையால், கூகுள் நிறுவனமே 2000ஆம் ஆண்டு முதல் 2011 வரை அதனைக் கொண்டு தன் அடைவை நடத்தியது. டிமாஸ் மூடப்பட்டபின் அதன் தொகுப்பாசிரியர்கள் ஒன்றுகூடி, ‘கர்லி’ என்னும் பெயரில் பணியைத் தொடர்ந்தனர். அங்கே தமிழுக்கும் ஒரு பிரிவு உண்டு. 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வாறே கூலி கருதாத கைகளால் வளர்ந்து வருகிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் பொழுதைப் போக்குகிறார்கள் என்று என்னிடம் முறையிடுகிறீர்கள். அதனைப் பிடுங்கி வைப்பதற்குமுன் ஒன்று செய்யுங்கள். அதே கருவியைக் கொண்டு, தாம் அறிந்த ஒரு சிறு பொருளைப் பற்றி, தமக்கு ஆதாயமில்லாத இடத்தில், இரண்டு வரி உண்மையை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் முயற்சி தள்ளப்பட்டால் மனம் தளராமல் மீண்டும் எழுதச் சொல்லுங்கள். அருகில் அமர்ந்து நீங்களும் படியுங்கள்.

பெயர் அறியாத கைகள் எழுதிய ஏட்டினால் நாம் பயன்பெற்றிருக்கிறோம். நம் பிள்ளைகளின் கைகளாலும் யாரோ ஒருவர் பயன்பெறட்டும். மறைவில் செய்வதைக் காணும் தந்தை, அவர்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.