‘ஜாலான் தாக் பெத்துல்’ என்றால் போதுமா?

கிள்ளான் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் பல வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே அன்றாடம் பார்த்தது இது. டாக்டர் மலாயில் கேட்பார், பாட்டி தமிழில் சொல்வார், நடுவில் பேரன். “காலை அகட்டி அகட்டித்தான் வைக்க முடியுதுப்பா, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு, இருட்டுல ரொம்ப மோசம்” என்பார் பாட்டி. “நெனெக் ஜாலான் தாக் பெத்துல், டாக்டர்” என்று முடித்துவிடுவான் பேரன். பாட்டி சரியாக நடப்பதில்லையாம். அது தெரியாமலா டாக்டர் கேட்டார்?

தமிழில் நடையின் லட்சணம் ‘நடக்கிறார்’ என்பதில் இல்லை, அதற்கு முன்னால் வரும் சொல்லில் இருக்கிறது. தாங்கித் தாங்கி, விந்தி விந்தி, இழுத்து இழுத்து, தத்தித் தத்தி. அவசரத்தில் பெயர்க்கிறவர்கள் அதைத்தான் கழற்றி விடுகிறார்கள். டாக்டருக்கு வேண்டியதோ அதுதான். காலை அகட்டி வைத்துத் தள்ளாடினால் சிறுமூளையைச் சந்தேகிப்பார். பஞ்சு மேல் நடப்பது போல் என்றால், நீரிழிவால் பாதத்து நரம்பு கெட்டிருக்கிறதா என்று பார்ப்பார். கையை வீசாமல், தரையை உரசிச் சின்னச் சின்ன அடி வைத்து, நடுவில் முன்னால் சாய்ந்து குடுகுடுவென்று போனால் பார்க்கின்சன் நினைவுக்கு வரும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடம் மட்டும் 31.4. பஞ்சு நடை நம் வீடுகளுக்குப் புதிதல்ல.

மலாயில் சொல் இல்லையென்று சொல்ல முடியாது. தள்ளாட்டத்துக்குத் தெர்ஹூயோங்-ஹாயாங், நொண்டலுக்குத் தெர்ஹிஞ்சுட்-ஹிஞ்சுட். நம்மைப் போலவே அவர்களும் அடுக்கித்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு மனப்பாடம் செய்தது கிளினிக்கில் வாயில் வருவதில்லை, அவ்வளவுதான். வராவிட்டால் எழுந்து நடந்து காட்டுங்களேன், யார் சிரிக்கப் போகிறார்கள்?

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். தள்ளாட்டம் என்றதும் நம் ஆட்களுக்கு இரண்டே அர்த்தம். வயதானவர் என்றால் ‘தள்ளாத வயசு, அப்படித்தான்’. நடுவயதுக்காரர் என்றால் ‘தண்ணி போட்டிருக்கான்’. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒருவர் தடுமாறி அஞ்சடித் தூணைப் பிடிக்கட்டும், கூட்டம் ஒதுங்கிப் போகும். கையில் வெள்ளைக் கோல் இருந்தால் மட்டும் ஓடிப்போய்த் தோள் கொடுப்போம். பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம், அந்த நல்ல பழக்கம் ஊறிவிட்டது. கோல் இல்லாதவருக்குப் பக்கவாதமாக இருந்தால்? மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். போதை தெளியட்டும் என்று படுக்க வைத்து, விடிந்த பிறகு தூக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் குடித்தும் இருந்தார்கள். குடித்தவருக்குப் பக்கவாதம் வராதா என்ன?

ஆகவே வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தாத்தா பாட்டியின் நடை மாறியது தெரிந்தால், எதிரே வரும்போதும் திரும்பிப் போகும்போதும் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். என்றைக்குத் தொடங்கியது, எந்தப் பக்கம் சாய்கிறார், இருட்டில் கூடுகிறதா என்று அவரிடமே கேட்டு, சொன்னதைச் சொன்னபடி டாக்டரிடம் சொல்லுங்கள். நேற்றுவரை நேராக நடந்தவர் திடீரென்று தள்ளாடினால், வாயை முகர்ந்து பார்க்காதீர்கள். 999ஐ அழையுங்கள்.