நெஞ்சிலிருந்தே ஒரு மாற்றுப் பாதை

வீட்டில் வாப்பாவுக்கோ மூத்த சகோதரருக்கோ 'பைபாஸ்' செய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டால், செலவு எவ்வளவு, எத்தனை நாள் தங்க வேண்டும் என்று கேட்கிறோம். எந்த இரத்தக் குழாயை எடுத்துப் பொருத்தப் போகிறீர்கள் என்று கேட்போர் அரிது. பத்தாண்டுகள் கழித்து அந்த இதயம் எப்படி இருக்கும் என்பதில் அக்கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு.

இதயம் தன் தசைக்கு வேண்டிய இரத்தத்தைத் தன்மீது படர்ந்துள்ள சிறு தமனிகள் வழியாகவே பெறுகிறது. அவற்றில் அடைப்பு ஏற்படும்போது, அடைப்பைத் தொடாமல் அதற்கு அப்பால் வேறொரு குழாயைத் தைத்துப் புதுப்பாதை அமைப்பதே பைபாஸ்.

காலிலிருந்து எடுக்கப்படுவது சிரை. நீளமாகக் கிடைக்கும், விரைவில் எடுத்துவிடலாம். 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் ரெனே ஃபவலோரோ இதைக் கையாண்ட பின்னரே இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. ஆனால் சிரை, குறைந்த அழுத்தத்தில் ஓடும் இரத்தத்துக்குப் பழகியது. தமனியின் வேகத்தைத் தாங்கத் தாங்க அதன் சுவர் தடித்துப் போகிறது. பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதி அடைபட்டுவிடுகின்றன.

மார்பெலும்பின் பின்னே இடமும் வலமுமாக இரு தமனிகள் இறங்குகின்றன. இடப்புறத் தமனியின் மேல்முனையை அது பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கீழ்முனையை மட்டும் துண்டித்து, இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முதன்மைத் தமனியில் தைக்கிறார்கள். விந்தை என்னவெனில், மற்றத் தமனிகளில் கொழுப்புப் படிந்தவருக்கும் இதில் பெரும்பாலும் படிவதில்லை. பத்தாண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திறந்தே இருக்கின்றன. லெனின்கிராடில் வசீலி கொலேசொவ் 1964இலேயே இதைச் செய்து காட்டியும் உலகம் பொருட்படுத்தவில்லை. 1986இல் கிளீவ்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிரை மட்டுமே பொருத்தப்பட்டோருக்குப் பத்தாண்டுகளில் மரண அபாயம் 1.61 மடங்கு என்று தெரிந்த பிறகே கருத்து மாறிற்று. தமனியை எடுத்துவிட்டால் மார்பு பாதிக்கப்படுமோ எனப் பெண்கள் அஞ்ச வேண்டியதில்லை. வேறு கிளைகள் இரத்தம் தருகின்றன. இடப்பக்கத் தோல் சில மாதங்கள் மரத்திருக்கக்கூடும்.

ஒன்று இவ்வளவு நல்லதாயின் இரண்டையும் எடுத்தால் என்ன? 7 நாடுகளில் 3102 நோயாளிகளிடம் இதைச் சோதித்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2019இல் வெளிவந்தது. இரண்டையும் பொருத்துவதென ஒதுக்கப்பட்டோரில் 20.3 விழுக்காட்டினரும், ஒன்று மட்டும் என ஒதுக்கப்பட்டோரில் 21.2 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர், பெரிய வேறுபாடில்லை. ஒதுக்கியபடி சிகிச்சை பெறாதோரும் பலர் இருந்ததால் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆயின் மார்பெலும்பின் காயம் ஆறுவதில் தொல்லை முன்னவரில் 3.5, பின்னவரில் 1.9 விழுக்காடு. அறுத்த எலும்புக்கு இரத்தம் தருபவை அத்தமனிகளே அல்லவா! சர்க்கரை நோயும் உடற்பருமனும் உள்ளோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நம் வீடுகளில் சர்க்கரை நோயாளி இல்லாத வீடு எது?

எனவே இடப்புறத் தமனி முன்பக்கத்துக்குப் பொருத்தப்படுமா, இல்லையெனில் ஏன், மற்ற அடைப்புகளுக்கு எதை எடுப்பீர்கள் என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். அவசர நிலையில் சிரையே போதும் என்பார், அது நியாயமே. முன்கைத் தமனியும் நல்ல தேர்வுதான். எனினும் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்த கையில் அதை எடுக்கத் தயங்குவார்கள். எந்தக் கையில் செய்தார்கள் என்பதை மறவாமல் தெரிவியுங்கள்.

அறுத்த எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களாகும். அதுவரை கைகளை ஊன்றி எழுவதும் பளு தூக்குவதும் கூடாது. ஸஜ்தாவிலிருந்து கையூன்றி எழுவதும் அவ்வாறே. நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்க, வாப்பா பிடிவாதம் பிடித்தால் பள்ளிவாசல் இமாமை வீட்டுக்கு அழைத்துவந்து சொல்லச் செய்யுங்கள்.