விளக்கு அணைந்தாற் போதுமா?

மன்னார்த் தீவின் தென்கரையில், 2020ஆம் ஆண்டு டிசம்பரில் தொடக்கிவைக்கப்பெற்ற தம்பபவனி நிலையத்தில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று வலுவுடையது. நம் கரையில் வீசும் காற்றே மின்னாகி நாட்டின் மின்வலையிற் கலப்பது பெருமைக்குரியதே. ஆயினும் அம்மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தத்துடன் நம் வீட்டுச் சுவருக்குள் வந்து நிற்கும்போது, அதற்கு அஞ்சுதல் கோழைமை அன்று.

கரையோர வீடுகளில் விளக்கும் ஆளியும் விரைவிற் பழுதுறுவதற்கு உப்புக் காற்று ஒரு காரணம். உப்பு ஈரத்தை ஈர்க்கும். செப்பிற் களிம்பும் இரும்பாணியில் துருவும் ஏறும். களிம்பேறிய இணைப்பில் தடை மிகுந்து வெப்பம் பிறக்கும். ஆளியில் எழும் பொரியும் ஒலி, கருகல் மணம், விளக்கின் நடுக்கம் ஆகியன அதன் அறிகுறிகள்.

இவற்றைத் தாமே மாற்ற முற்படும் இளைஞர் சிலர் சுவராளியை அணைத்துவிட்டு ஏணியில் ஏறுகின்றனர். விளக்கு அணைந்தது, ஆகவே மின் இல்லை என்பது அவர் கணக்கு. அக்கணக்குப் பொய்க்கக்கூடும். ஆளி நொதுமற் கம்பியிற் பொருத்தப்பட்டிருப்பின், விளக்கு அணைந்த பின்னரும் குமிழ்தாங்கியில் மின்னழுத்தம் நிற்கும். ஆளி முறைப்படி உயிர்க்கம்பியில் இருப்பினும், பல வீடுகளில் அக்கம்பி முதலிற் கூரையிலுள்ள இணைப்புக்கு வந்து, அங்கிருந்தே ஆளிக்கு இறங்குகிறது. அவ்விடத்தில் எப்பொழுதும் மின் உண்டு. இருள் வேறு, பாதுகாப்பு வேறு.

ஆதலின் பிரதான ஆளியை அணைத்தலே முதற்படி. அதனைப் பிறர் அறியாது மீண்டும் இடாதவாறு ஒருவரைக் காவல் நிறுத்துக. அணைக்குமுன், சோதனைத் திருப்புளியை மின்னுள்ள ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்க. அங்கே ஒளிராத கருவி பின்னர்க் கூறும் சாட்சி செல்லாது.

கம்பிகளைக் கழற்றுமுன் கைபேசியிற் படமெடுத்துக்கொள்க. பழைய வீடுகளில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமற் கம்பி கறுப்பு, புவிக்கம்பி பச்சை. புதியனவற்றில் முறையே கபிலம், நீலம், பச்சை-மஞ்சள். ஆயினும் ஆளிப் பெட்டியிலுள்ள கறுப்புக் கம்பி, விளக்குக்குச் செல்லும் உயிர்க்கம்பியாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பற்க. விளக்கின் உடல் உலோகமாயின் புவிக்கம்பியை இணைக்காது விடலாகாது.

30 மில்லி அம்பியர் கசிந்தாலே சுற்றை அறுக்கும் ‘ட்ரிப் சுவிட்ச்’ இருக்கிறதே என்பாரும் உளர். நன்று, அது பல உயிர்களைக் காப்பது. ஆனால், சென்ற மின்னோட்டம் குறையாது திரும்புகிறதா என்பதை மட்டுமே அது ஒப்பிடும். மர ஏணியில் நின்று இரு கம்பிகளையும் இரு கைகளாற் பற்றியவனை அது மற்றுமொரு விளக்காகவே கொள்ளும்!

கம்பிகளின் போக்கு விளங்காவிடின் மூடியை மீண்டும் பூட்டிவிட்டு, தகுதிபெற்ற மின்வினைஞரை அழையுங்கள். ஓரிரவு குத்துவிளக்கின் ஒளியிற் கழிவதால் எக்குடும்பத்துக்கும் கேடில்லை.