மூக்கின் மேல் ஒன்பதாயிரம்

போன மாதம் ராத்திரி ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் என் மூக்குக் கண்ணாடியில் நாலாகி, எட்டாகி, தீபாவளி கொண்டாடின. ஓரமாக நடந்துபோன பெரியவர் கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டார். சடன் பிரேக். அவர் என் பரம்பரையையே விசாரித்தார். நியாயம்தான்.

மறுநாளே கண்ணாடிக் கடை. டை கட்டின பையன் சீட்டைப் பார்த்தான். மைனஸ் இரண்டு. ஐ.சி.யூ. டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "1.74 ஹை இண்டெக்ஸ், ப்ளூ கட்... 9,000 ஆகும் சார்" என்றான்.

"ஃப்ரேமோடவா?"

"அது தனி சார்."

நழுவி, லென்ஸ் தேய்க்கும் பட்டறை வைத்திருக்கும் பள்ளி சிநேகிதனிடம் போனேன். சீட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"1.74 எல்லாம் மைனஸ் ஆறு, எட்டு ஆசாமிக்குடா. ஓரம் சோடாபுட்டி மாதிரி தடிக்குமே, அதை மெலிசாக்கத்தான். உனக்கு எதுக்கு? சி.ஆர். 39 தாராளம்."

1940-களில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் கம்பெனிக்காரர்கள் செய்து பார்த்த பிசின்களில் 39-வதாம் அது. அதனால்தான் அந்தப் பெயர். எடை நிஜக் கண்ணாடியில் ஏறக்குறைய பாதிதான். பாலிகார்பனேட் என்று இன்னொன்று உண்டு. லேசில் உடையாது. குழந்தைகளுக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கும் அதுதான் சரி. ஆனால், சட்டென்று கீறல் விழும், ஓரப் பார்வையில் லேசாக வானவில் தெரியும்.

"அப்ப லாரி லைட்டு?"

"ஆன்ட்டி கிளேர் கோட்டிங் போடு. காசை அதுல செலவு பண்ணு."

பூச்சு இல்லாத சாதா பிளாஸ்டிக் லென்ஸ், விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அடிக்கிறது. 1.74 என்றால் 14 வரை போகும். (விலை கூடினால் கூசலும் கூடுமாம். என்ன நியாயமோ!) வெளிச்ச அலையின் நீளத்துக்கு ஏற்ப மெலிசாகப் பூச்சு பூசினால், திரும்பும் வெளிச்சம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அணைந்துவிடும். 1935-லேயே ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியில் ஸ்மாகுலா என்பவர் கண்டுபிடித்த வித்தை.

"ப்ளூ கட்? நாள் பூரா கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருக்கேனே?"

"கண்ணைச் சிமிட்டு. ஸ்கிரீனை முறைச்சுப் பார்க்கிறப்ப சிமிட்டறதே குறைஞ்சு போகுது, அதான் எரியுது."

2023-ல் காக்ரேன் என்ற அமைப்பு 17 ஆராய்ச்சிகளை அலசியது. சாதா லென்ஸைவிட ப்ளூ கட் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு வந்தது.

அப்புறம் என் பழைய கண்ணாடியைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். சிலந்தி வலை மாதிரி கீறல்கள்.

"எதுலடா துடைக்கிறே?"

"சட்டை நுனியில. ஞாயித்துக்கிழமை பனியன்ல."

"பாதி தீபாவளி இதுலதான் வந்திருக்கு. தூசியோட தேய்ச்சா உப்புத்தாளுக்குச் சமம். முதல்ல தண்ணியில அலசு, அப்புறம் மெத்துன்னு ஒரு துணியால ஒத்து. வெந்நீர் வேண்டாம். வெயில்ல நிக்கிற வண்டியிலயும் வைக்காதே, கோட்டிங் வெடிச்சிரும்."

சி.ஆர். 39, ஆன்ட்டி கிளேர், அதோடு ஹார்ட் கோட். ஃப்ரேமோடு சேர்த்து 2,400-ல் முடிந்தது. அன்று ராத்திரி லாரி வந்தது. இரண்டே லைட். பக்கத்தில் நடந்து போனவர் முழுசாகத் தெரிந்தார்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. அதுக்குள்ள தூசியைப் பாருங்க!" என்று, நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள்.