லேசான அடிதானே என்று விடலாமா?

விடியுமுன்னே லோயர் கேம்ப் வழியாக ஜீப்புகள் மலையேறுகின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் ஆண்களும் பெண்களும் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறார்கள். குமுளி மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தால், கால் முறிந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். தலையில் அடிபட்டு எழுந்து நின்றவருக்கோ ஒரு சோடாவைக் கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொல்கிறோம். இது தவறு.

மண்டைக்குள் கசியும் ரத்தத்திற்கு வெளியேற வழியில்லை. அது மூளையை நெருக்கும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் நினைவிழப்பது இதனால்தான்.

கண் திறப்பு, பேச்சு, கைகால் அசைவு ஆகியவற்றுக்கு டாக்டர் மதிப்பெண் போடுவார். மொத்தம் 15. 13க்குக் குறையாவிட்டால் லேசான காயம் என்பார்கள். ஆனாலும் இரண்டு தடவை வாந்தி எடுத்தவர், நடந்ததை மறந்தவர், வலிப்பு கண்டவர், வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், 65 வயதானவர் ஆகியோருக்கு ஸ்கேன் தேவைப்படும். மறந்தவர் தானே எப்படிச் சொல்வார்? ஆகவே விபத்தைப் பார்த்த தோழர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு உடன் போகவேண்டும். 'குடித்திருக்கிறான்' என்று ஒதுக்கவும் விடக்கூடாது.

வீட்டுக்கு அனுப்பினாலும் 24 மணி நேரம் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். தலைவலி கூடினாலோ, உளறினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

செலவுக்கு அஞ்சவேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துக்கு, அரசு ஆஸ்பத்திரியிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது.

ஓய்வெடுக்கச் சொல்கிறார் டாக்டர். கூலி போய்விடுமே என்று மறுநாளே மூட்டை சுமக்கப் போகிறார் தொழிலாளி. வேலைக்குப் போகும் வழியில் பட்ட அடிக்கு ஓய்வு நாள் கூலி கேட்பது பிச்சையல்ல; உரிமை. அதைச் சேர்ந்து கேட்போம்!